வளைந்த சுவர், மங்கிய கண்ணாடி, உருகிய ரிம்: சிறு கேம்பர் வண்டிகளில் பிழை நீக்கும் வழிமுறை

காரையும் கேம்பரையும் (படுக்கையும் சமையல் வசதியும் உள்ள பயண வண்டி) சிறு மாடலாகக் கட்டும்போது பிழை பிறக்கும் நாள் ஒன்று, கண்ணில் படும் நாள் வேறொன்று. பளபளப்பான வண்ணத்தின் நடுவே இன்று ஒரு கோடு தெரிகிறது என்றால், அதன் காரணம் மூன்று வாரத்துக்கு முன் தடவிய பசையாக இருக்கும். வண்ணத்தை உரித்துவிட்டு மறுபடி பூசினால் அதே கோடு மறுபடி வரும். ஆகையால் குறையைக் கண்டதும் உப்புத்தாளைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இது எப்போது தெரியவந்தது?

தெளித்த நிமிடமே தெரிந்தால் பரப்பில் எண்ணெய்ப் பசை இருக்கிறது, அல்லது வண்ணத்தை நீர்க்கக் கரைக்கும் தின்னர் அடியில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை. மறுநாள் காலையில் தெரிந்தால் ஆவியையும் ஈரப்பதத்தையும் சந்தேகியுங்கள். வாரங்கள் கழித்துத் தெரிந்தால், உள்ளே சிக்கிய கரைப்பான் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கிறது, அல்லது அருகருகே இருக்கும் இரண்டு பொருள்களில் ஒன்று மற்றொன்றை அரிக்கிறது. பசை ஒட்டிய நாள், பட்டி (இடுக்கை நிரப்பும் கலவை) வைத்த நாள், பிரைமர் (வண்ணத்துக்கு முந்தைய அடிப்பூச்சு) தெளித்த நாள் ஆகியவற்றை, மாடலின் பாகங்கள் வந்த கிட் பெட்டியின் மூடியிலேயே எழுதிவையுங்கள். காரணம் தேடும் நேரத்தில் அந்த மூன்று தேதிகள் வேறெதையும்விட அதிகம் உதவும்.

இங்கே சொல்வதெல்லாம் 1:24 அளவை, அதாவது உண்மை வண்டியில் இருபத்துநான்கில் ஒரு பங்கை வைத்து. எடுத்துக்காட்டாக இரண்டு வண்டிகள். ஒன்று, 1950-இல் ஜெர்மனியில் உற்பத்தி தொடங்கிய ஃபோக்ஸ்வாகன் டி1 வேன். அதற்கு வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951 முதல் படுக்கையும் அலமாரியும் செய்து கொடுத்தது. மற்றொன்று, அதன் பின்னால் இழுத்துச் செல்ல ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் தகட்டிலிருந்தே கட்டும் டிரெய்லர். டி1 வண்டியின் முன்பின் அச்சுகளுக்கு இடையே 2400 மில்லிமீட்டர். 1:24 மாடலில் சரியாக 100 மில்லிமீட்டர். கணக்கு எளிது. ரெவெல் நிறுவனத்தின் டி1 கிட் ஒன்றும் இதே அளவில் இருக்கிறது.

பக்கச் சுவர் வளைந்திருக்கிறது

கேம்பர் கட்டுகிறவர்களை அதிகம் படுத்தும் பிழை இதுதான். காரின் பாடி எங்கும் வளைவாக இருப்பதால் சிறு கோணல் மறைந்துவிடும். டிரெய்லரின் 200 மில்லிமீட்டர் நீளச் சமதளச் சுவரில் அரை மில்லிமீட்டர் புடைப்புகூட மேசை விளக்கின் பிரதிபலிப்பில் காட்டிக்கொடுத்துவிடும். உண்மை வண்டியில் அது 12 மில்லிமீட்டர் புடைப்பு.

இரும்பு ஸ்கேலின் விளிம்பைச் சுவரின் மேல் நீளவாக்கில் வையுங்கள். பின்னால் ஒரு விளக்கு எரியட்டும். ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் கசியும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். நடுவில் கசிந்தால் சுவர் குழிந்திருக்கிறது. இரு முனைகளில் கசிந்தால் புடைத்திருக்கிறது. பிறகு ஸ்கேலை மூலைவிட்டமாகவும் வைத்துப் பாருங்கள். ஒரு மூலைவிட்டத்தில் குழிவும் மற்றதில் புடைப்பும் தெரிந்தால் சுவர் முறுக்கிக்கொண்டிருக்கிறது.

வெளியே புடைத்திருந்தால் உட்பக்கத்தைப் பாருங்கள். ஜன்னல் சட்டமோ அலமாரிப் பட்டையோ ஒட்டும்போது திரவப் பசை தாராளமாக ஓடியிருக்கும். ஸ்டைரீன் பசை பிளாஸ்டிக்கைக் கரைத்துத்தான் ஒட்டுகிறது. கரைந்த முகம் உலரும்போது சுருங்கித் தகட்டைத் தன் பக்கம் இழுக்கிறது. உள்ளே குழிந்திருந்தால், தரையும் சுவரும் கூரையும் ஒரே நாளில் ஒட்டி மூடப்பட்டதா என்று யோசியுங்கள். மூடிய பெட்டிக்குள் கரைப்பான் ஆவிக்குப் போக்கிடம் இல்லை; அது சுவரை உள்ளிருந்தே மென்மையாக்குகிறது. முறுக்கிக்கொண்டால் பெரும்பாலும் இரண்டு தகடுகளை முழுப் பரப்பிலும் பசை பூசி ஒட்டித் தடிமனாக்கிய சுவராக இருக்கும். நடுவில் சிக்கிய கரைப்பான் வாரக்கணக்கில் வழி தேடும்.

முதல் இரண்டையும் சரிசெய்யலாம். கூரையைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள், முடியாவிட்டால் தரையில் 3 மில்லிமீட்டர் துளைகள் இரண்டு போடுங்கள். இரண்டு வாரம் தொடாமல் வைத்திருங்கள். அவசரப்பட்டு அந்த நேரத்தில் பட்டி பார்த்தால் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும் சுவரின் மேல் பட்டி உட்காரும். சுவர் அசையாமல் நின்ற பிறகு, குறுக்குச் சுவர் ஒன்றை மூலைமட்டம் வைத்துச் சரியாக வெட்டி உள்ளே பொருத்தி இழுத்து ஒட்டுங்கள். முறுக்கிய சுவரை மட்டும் காப்பாற்ற முயலாதீர்கள். வெந்நீர், கிளாம்ப், பட்டி என்று எல்லாம் செய்து நிமிர்த்தினாலும் அது மறுபடி தன் விருப்பத்துக்குத் திரும்பும். புதிய தகடு வெட்ட ஒரு மாலை போதும்.

வராமல் தடுப்பதற்கு நம் ஊரிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளில் இரும்புச் சட்டத்தை நிறுத்திய பிறகே தகடு போர்த்துவார்கள். டிரெய்லரையும் அப்படியே கட்டுங்கள். தரையின் மேல் குறுக்குச் சுவர்கள் முதலில், வெளித்தகடு பிறகு. கேம்பரில் இதற்கு ஒரு வசதியும் உண்டு. உள்ளே வரப்போகும் இருக்கைப் பெட்டி, துணி அலமாரி, சமையல் மேடை எல்லாமே குறுக்குச் சுவர்கள்தான். அவற்றை ஆரம்பத்திலேயே 1 மில்லிமீட்டர் தகட்டில் துல்லியமாகச் செய்து நட்டால் வண்டி தன் மரச்சாமான்களாலேயே நேராக நிற்கும். தகடுகளை அடுக்க வேண்டிய இடத்தில் உள் அடுக்கில் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் சிறு துளைகள் போட்டுவிட்டு, விளிம்புகளில் மட்டும் பசையை ஓடவிடுங்கள்.

வளைத்த கூரை நிமிர்ந்துகொண்டே வருகிறது

தகட்டைக் கையால் வளைத்து அப்படியே ஒட்டியிருப்பீர்கள். அதன் இழுவிசை முழுவதும் பசைக்கோட்டின் மேல் இருக்கிறது. ஒருநாள் மூலையில் விடும். வேண்டிய வளைவைவிடச் சற்றுக் குறைந்த விட்டமுள்ள குழாயில் தகட்டைச் சுற்றி, டேப்பால் கட்டி, கொதித்த நீரை ஊற்றுங்கள். பிறகு குளிர்ந்த நீரில் காட்டுங்கள். கட்டை அவிழ்த்ததும் கொஞ்சம் விரியும், அதற்காகத்தான் சிறிய விட்டம். 1 மில்லிமீட்டர் தகடு ஒன்றைவிட அரை மில்லிமீட்டர் தகடுகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்துவது மேல். தீயிலோ ஹீட் கன்னிலோ காட்டாதீர்கள். ஸ்டைரீன் 100 டிகிரி செல்சியஸ் அருகே இளகிவிடும். சூடு ஒரே இடத்தில் கூடினால் தகடு சுருங்கிப் பாழாகும்.

நான்கு சக்கரமும் தரையில் படவில்லை

மேசையை நம்பாதீர்கள். தடிமனான கண்ணாடிப் பலகையின் மேல் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு டயருக்கும் அடியில் ஒரு துண்டுக் காகிதத்தை நுழைத்து இழுங்கள். தாராளமாக வழுக்கி வருவது தூக்கி நிற்கும் சக்கரம். உடனே அந்த அச்சை வளைக்கத் தோன்றும். முதலில் பாடியைக் கழற்றி, சேஸிஸை மட்டும் வைத்து இதே சோதனையைச் செய்யுங்கள். சேஸிஸ் தனியாகச் சரியாக நின்றால் குற்றம் பாடியில் இருக்கிறது. திருகும்போது அது சேஸிஸை முறுக்குகிறது. பாடியின் திருகுமேடைகளில் உயரமானதைத் தேய்த்தால் போதும்.

டிரெய்லர் மூக்கைத் தூக்கி நின்றால் அச்சைத் தொடாமல் இணைப்புக் குண்டின் உயரத்தை அளந்து பாருங்கள். ஐரோப்பிய விதிப்படி சுமையோடு நிற்கும் காரில் குண்டின் மையம் தரையிலிருந்து 350 முதல் 420 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். 1:24-இல் அது ஏறக்குறைய 14.6 முதல் 17.5. பலர் பம்பரின் உயரத்தைப் பார்த்துக் குண்டை வைப்பதால் கோணல் வருகிறது.

அளவெல்லாம் சரி, ஆனாலும் பொம்மை போலத் தெரிகிறது

இந்தக் குறையை யாரும் பிழைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது சக்கரம். டி1 வேனுக்கு 1955 வரை 16 அங்குல ரிம், பிறகு 15, 1963-க்குப் பிறகு 14. மாடலில் அவை சுமார் 16.9, 15.9, 14.8 மில்லிமீட்டர். ஒரு படிக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் ஐம்பதுகளின் வண்டிக்கு அறுபதுகளின் கடைசிச் சக்கரத்தை மாட்டினால் பாடி முழுவதும் பருத்துத் தெரியும். எந்த ஆண்டு வண்டி என்பதை முடிவு செய்யாமல் சக்கரம் வாங்கக் கூடாது.

இரண்டாவது தடிமன். ஒரு மில்லிமீட்டர் சுவரில் வெட்டிய ஜன்னல், உண்மையில் 24 மில்லிமீட்டர் தடித்த இரும்பில் வெட்டியது போலத் தெரியும். சுவர் முழுவதையும் மெலிதாக்க வேண்டாம். ஜன்னல் ஓரத்தின் உட்புறத்தை மட்டும் அரத்தால் சரிவாகத் தேய்த்து, வெளியே தெரியும் விளிம்பைக் கத்தி முனைபோல ஆக்குங்கள். கண்ணுக்கு விளிம்பு மட்டுமே தெரிவதால் மொத்தத் தகடும் மெல்லியது என்று நம்பிவிடும். டிரெய்லர் கதவுக்கும் சக்கர வளைவுக்கும் இதே வேலைதான்.

மூன்றாவது கதவுக்கோடு. உண்மையில் ஐந்து மில்லிமீட்டர் இருக்கும் இடைவெளி மாடலில் 0.2 மில்லிமீட்டர். பிரைமர், வண்ணம், மேல்பூச்சு மூன்றும் சேர்ந்தால் அந்தக் கோடு நிரம்பிவிடும். வண்ணம் பூசிய பிறகு கீறினால் விளிம்பு உடையும். பிரைமருக்கு முன்பே கத்தியின் முதுகுப்பக்கத்தால் கோட்டை ஆழப்படுத்துங்கள். அகலப்படுத்த வேண்டாம்.

ஜன்னல் கண்ணாடி மங்கிவிட்டது

மாலையில் பொருத்தும்போது தெளிவாக இருந்தது, காலையில் பனி மூடியது போல வெண்படலம். எங்கோ சயனோஅக்ரிலேட் பசை இருக்கிறது. பேச்சுவழக்கில் ஃபெவிக்விக் என்கிறோமே அந்த வகை. அது கெட்டிப்படும்போது எழும் ஆவி, காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து அருகிலுள்ள பளபளப்பான பரப்பில் வெள்ளைத் தூளாகப் படிகிறது. கண்ணாடியைப் பொருத்தியதே அந்தப் பசையால் என்றிருக்க வேண்டியதில்லை. உள்ளே திரைச்சீலைக் கம்பியை ஒட்டிவிட்டு அன்றைக்கே கூரையை மூடினாலும் இதே கதைதான்.

படலம் லேசாக இருந்தால் மெல்லிய பாலிஷ் கலவையைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்து எடுக்கலாம். உட்புறம் கை எட்டாவிட்டால் கண்ணாடியைக் கழற்றியே ஆக வேண்டும். இனிமேல் ஜன்னல்களுக்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பிவிஏ பசையை மட்டும் பயன்படுத்துங்கள். உலர்ந்ததும் நிறமற்றுப் போகும். வழிந்தால் ஈரத்துணியால் துடைக்கலாம். கேம்பருக்குள் உடனடிப் பசை தவிர்க்க முடியாத இடம் இருந்தால், அதை ஒட்டிய பிறகு ஒரு முழுநாள் கூரையைத் திறந்தே வைத்திருங்கள்.

சில மாதத்தில் கண்ணாடி தானாகவே கழன்று உள்ளே விழுகிறது என்றால் தகட்டைக் கவனியுங்கள். பொருள்கள் வரும் ஒளிபுகும் உறைகள் பல பெட் (PET) என்ற வேறு வகைப் பிளாஸ்டிக். ஸ்டைரீன் பசை அதில் பிடிக்காது. பசையை மட்டும் நம்பாமல், ஜன்னலின் உட்புறம் மெல்லிய பட்டைகளால் ஒரு பள்ளம் அமைத்து, தகட்டை அதில் உட்கார வையுங்கள். டி1 கட்டுகிறவர்களுக்கு இங்கே ஒரு கொடுப்பினை. அதன் முன்கண்ணாடி நடுவில் பிரிந்த இரண்டு தட்டையான துண்டுகள், வெப்பத்தால் வளைக்க வேண்டிய வேலையே இல்லை. 1967-இல் வந்த டி2-க்கு வளைந்த ஒரே கண்ணாடி, அதற்கு அச்சும் வெப்பமும் வேண்டும்.

வண்ணத்தில் தெரியும் குறைகள்

*தெளித்த உடனே வட்ட வட்டமாக வண்ணம் விலகிப் பள்ளங்கள்.* எண்ணெய், மெழுகு அல்லது சிலிக்கோன். கார் பாலிஷ் தொட்ட துணியாலோ வெறும் விரலாலோ வந்திருக்கும். மேலும் மேலும் தெளித்து மூட முயன்றால் பள்ளம் ஆழமாகும். நிறுத்துங்கள், உலர விடுங்கள், தேய்த்து எடுங்கள், பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவிக் காயவைத்து மறுபடி தொடங்குங்கள். ரெசின் (அச்சில் ஊற்றி இறுகவைக்கும் பிசின்) வார்ப்பாக இருந்தால் அச்சிலிருந்து எடுப்பதற்காகப் பூசிய திரவம் ஒட்டியிருக்கும். வேலை தொடங்கும் முன்பே கழுவ வேண்டும்.

*பரப்பில் மயிரிழை வெடிப்புகள்.* உண்மைக் கார்களுக்கான லாக்கர் ஸ்பிரேயை வெறும் ஸ்டைரீன் மேல் தெளித்திருக்கிறீர்கள். அதன் கடுமையான தின்னர் பிளாஸ்டிக்கையே அரிக்கிறது. சேதம் வண்ணத்தில் நிற்காமல் பிளாஸ்டிக்கில் இறங்கியிருப்பதால், சமமாகத் தேய்த்து பிளாஸ்டிக்குக்கு ஏற்ற பிரைமரை மெல்லிய படலங்களாகத் தெளித்துத்தான் மீட்க முடியும்.

*வெண்மை படர்ந்து பளபளப்பு போய்விட்டது.* தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அங்கே பனித்துளி போல நீர் படிகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ லாக்கர் தெளிப்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரைக் கலந்து ஒரு மெல்லிய படலம் தெளித்தால் வெண்மை கரைந்து பெரும்பாலும் தெளியும். மழை விட்ட வெயில் நாளின் நண்பகலுக்குக் காத்திருப்பது இன்னும் நல்லது.

*ஆரஞ்சுத் தோல் போன்ற புள்ளிகள்.* வண்ணத் துளிகள் பாதி உலர்ந்த நிலையில் வந்து விழுகின்றன. தூரத்தைப் பதினைந்து, இருபது சென்டிமீட்டராகக் குறையுங்கள். ஏர்பிரஷ் என்றால் தின்னரைக் கொஞ்சம் கூட்டுங்கள். ஸ்பிரே கேனைக் கை பொறுக்கும் சூடுள்ள நீரில் சில நிமிடம் வைத்தால் துளிகள் நுணுகும். அடுப்பின் அருகே ஒருபோதும் கொண்டுபோகாதீர்கள். ஏற்கெனவே வந்துவிட்ட புள்ளிகளை, வண்ணம் நன்றாக இறுகிய பிறகு 2000 எண் வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்துப் பாலிஷ் செய்து சமப்படுத்தலாம். விளிம்புகளையும் மடிப்புகளையும் மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டுத் தேயுங்கள். அங்கே வண்ணம் மெல்லியது, இரண்டு இழுப்பில் பிளாஸ்டிக் தெரிந்துவிடும்.

*முதல் படலம் நன்றாக இருந்தது, இரண்டாவது தெளித்ததும் சுருங்கித் தோலுரிந்தது.* எனாமல் (மெதுவாகக் காயும் எண்ணெய் வகை வண்ணம்) மேல் லாக்கர் (கடுமையான தின்னர் கொண்டு விரைவில் காயும் வண்ணம்) போட்டிருப்பீர்கள், அல்லது பாதி காய்ந்த எனாமல் மேல் மறுபடி எனாமல். லாக்கர் மேல் எனாமல் போகலாம். எனாமல் மேல் லாக்கர் போகக் கூடாது. இந்த நிலையில் மீட்க வழியில்லை, உரித்துவிடுங்கள்.

*வெள்ளை மெல்ல இளஞ்சிவப்பாக மாறுகிறது.* சிவப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்த கிட். அதிலுள்ள சாயம் வண்ணத்தில் ஊறி மேலே வருகிறது. எத்தனை வெள்ளை பூசினாலும் நிற்காது. இடையில் வெள்ளி நிறத்தை ஒரு படலம் பூசினால் அதிலுள்ள உலோகத் துகள்கள் தடுப்பாக நிற்கும்.

உரிப்பதற்கு: அக்ரிலிக் வண்ணத்துக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் பெரும்பாலும் போதும். எனாமலுக்கு பிரேக் ஆயிலில் ஊறவைப்பது பழைய வழக்கம். கையுறை கட்டாயம், பிறகு சோப்பு நீரில் நன்றாகக் கழுவ வேண்டும். எதுவானாலும் கிட்டின் பாகங்கள் ஒட்டி வரும் மிச்சச் சட்டத் துண்டில் சோதித்த பிறகு பாடியை நனையுங்கள். அசிட்டோன் ஸ்டைரீனைக் கரைத்துவிடும். தெளிப்பதானாலும் உரிப்பதானாலும் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கரைப்பான் ஆவிக்கான முகமூடி வேறு, தூசி முகமூடி வேறு.

டி1 வண்டியின் அழகே முன்முகத்தில் V வடிவில் இறங்கும் இரட்டை வண்ணம். அங்கே டேப்பின் அடியில் வண்ணம் கசிந்து விளிம்பு பிசிறடிப்பதாகப் பலர் சொல்வார்கள். விலையுயர்ந்த டேப் வாங்கினால் இது தீராது. மேல்பகுதி வெள்ளையை முதலில் பூசி, முழுதும் காய்ந்ததும் டேப் ஒட்டுங்கள். விரல் நகத்தால் விளிம்பை நீவுங்கள். இப்போது அதே வெள்ளையை டேப்பின் விளிம்பு மேல் மெல்லியதாக இன்னொரு முறை தெளியுங்கள். கசிய வேண்டியதெல்லாம் வெள்ளையாகக் கசிந்து இடுக்குகளை அடைத்துவிடும். அதன்மேல் நீலமோ சிவப்போ தெளித்தால் உள்ளே புக இடமில்லை. வண்ணம் முழுதாக இறுகும் முன்பே டேப்பைத் தன்மேல் மடித்து, மெதுவாக, தாழ்ந்த கோணத்தில் இழுங்கள்.

வாரங்கள் கழித்து இணைப்புக்கோடு மறுபடி தெரிகிறது

கூரையையும் பாடியையும் ஒட்டி, பட்டி பார்த்து, கண்ணாடி போலத் தேய்த்து, வண்ணம் பூசி, அலமாரியில் வைத்தாகிவிட்டது. பிறகு ஒருநாள் அதே இடத்தில் மெல்லிய பள்ளம். இரண்டு காரணங்கள் உண்டு. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வரும்.

ஒன்று, இணைப்பில் கரைந்த ஸ்டைரீன் முழுதும் உலரும் முன்பே சமப்படுத்தியது. மேலே கெட்டியாக இருந்தாலும் உள்ளே கரைப்பான் இருக்கிறது. அது வெளியேற வெளியேற அந்தக் கோடு தாழ்கிறது. மற்றொன்று பட்டி. குழாயில் வரும் ஒற்றைப் பட்டி தின்னர் ஆவியாகித்தான் இறுகுகிறது, ஆகவே கன அளவில் சுருங்கியே தீரும். கீறலுக்கும் ஊசித்துளைக்கும் அது போதும். ஒரு மில்லிமீட்டர் இடுக்கை அதனால் நிரப்பினால் நிச்சயம் உட்காரும். அத்தகைய இடத்துக்கு, கடினமாக்கியைக் கலந்து பயன்படுத்தும் இரட்டைப் பட்டியே சரி. அது ரசாயன வினையால் இறுகுவதால் சுருக்கம் மிகக் குறைவு. சயனோஅக்ரிலேட்டோடு டால்கம் பவுடரைக் குழைத்து வைப்பதும் நல்ல வழி, ஆனால் அன்றைக்கே தேய்த்துவிட வேண்டும். நாள் கடந்தால் அது பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகி, சுற்றியுள்ள பரப்பு பள்ளமாகும்.

பள்ளம் தெரிந்துவிட்ட மாடலை உடனே தொடாதீர்கள். ஒரு மாதம் விட்டு, கோடு மேலும் ஆழமாகவில்லை என்று உறுதியான பின் தேய்த்து நிரப்புங்கள். முதலிலேயே இதைத் தவிர்க்க, ஒட்டிய இணைப்பை மூக்கருகே வைத்துப் பாருங்கள். பசை வாசம் அடிக்கும்வரை தேய்க்கக் கூடாது.

அலுமினியத் தோல் விளிம்பில் எழும்புகிறது, மூலையில் சுருங்குகிறது

ஏர்ஸ்ட்ரீம் என்ற அமெரிக்க நிறுவனத்தின் டிரெய்லர் போன்ற பளபளக்கும் ரிவெட் வண்டிக்கு ஆசைப்படாதவர் இல்லை. அந்த நிறுவனத்தின் 16 அடி பாம்பி 1961-இல் வந்தது. 1:24-இல் சுமார் 203 மில்லிமீட்டர் நீளம், அலமாரிக்கு ஏற்றது. தோலுக்குக் குளிர்பான டின்னின் அலுமினியமே போதும், தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான்.

விளிம்பு எழும்பினால் தகட்டின் உட்புறத்தைச் சந்தேகியுங்கள். டின்னின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. பசை அந்தப் பூச்சில் பிடிக்கிறது, உலோகத்தில் பிடிப்பதில்லை. 400 எண் தாளால் மங்கலாகும்வரை தேய்த்துவிட்டு எபாக்சியோ, இருபுறமும் பூசிக் காயவிட்டு ஒட்டும் ரப்பர் பசையோ பயன்படுத்துங்கள். உடனடிப் பசை இறுகியதும் உடையும் தன்மை கொண்டது. வெயிலிலும் குளிரிலும் உலோகமும் பிளாஸ்டிக்கும் வேறுவேறு அளவில் விரியும்போது அது விட்டுக்கொடுக்காமல் விரிசல் விடும்.

முன்பின் முனைகளில் சுருக்கம் விழுவதற்குப் பசை காரணமல்ல. ஒரே தகடு இரண்டு திசையில் ஒருசேர வளையாது. உண்மை வண்டியிலும் அந்த உருண்டை முனைகள் பல துண்டுகளாகத்தான் பிரிக்கப்பட்டிருக்கின்றன. மாடலிலும் காகிதத்தில் வார்ப்புரு வெட்டி, துண்டு துண்டாகப் போர்த்துங்கள். டின் அலுமினியம் விறைப்பாக இருந்தால், அதன்மேல் சோப்பைத் தேய்த்து, அடியிலிருந்து மெதுவாகச் சூடாக்குங்கள். சோப்பு கறுத்ததும் தீயை நிறுத்துங்கள். ஆறிய பிறகு தகடு விரலுக்கு இணங்கும். இதை ஒட்டுவதற்கு முன், திறந்த வெளியில், இடுக்கியால் பிடித்துச் செய்ய வேண்டும்.

ரிவெட் வரிசைக்குத் தையல்காரர்கள் துணியில் குறியிட உருட்டும் சிறு பல்சக்கரம் போதும். தகட்டைக் கவிழ்த்து, அடியில் நாலைந்து செய்தித்தாள் மடிப்புகள் வைத்து, ஸ்கேலை ஒட்டி ஒரே அழுத்தத்தில் ஒரே முறை உருட்டுங்கள். புள்ளிகள் கோணலாகிவிட்டால் அந்தத் தகட்டை நீக்கிவிட்டு வேறு எடுங்கள். இரண்டாம் முறை உருட்டினால் இரட்டை வரிசைதான் கிடைக்கும்.

தூக்குக் கூரையின் துணி மடிய மறுக்கிறது

உண்மைத் துணியை வெட்டி ஒட்டியிருந்தால் மடியாது. கால் மில்லிமீட்டர் பருத்தித் துணிகூட 1:24-இல் ஆறு மில்லிமீட்டர் தடித்த கம்பளம். டிஷ்யூ காகிதத்தின் ஒரு அடுக்கை எடுத்து, நீர் கலந்த பிவிஏ பசையில் நனைத்து, பாலித்தீன் தாள்மேல் உலர்த்துங்கள். பாதி உலர்ந்த நிலையில் மடிப்புகளை ஸ்கேலின் விளிம்பால் பதித்துவிட்டால், காய்ந்தபின் கான்வாஸ் போலவே மடிந்து நிற்கும். வண்ணத்தை அதன்மேல் நீர்க்கக் கரைத்துப் பூசுங்கள். ஜன்னல் திரைச்சீலைக்கும் இதே காகிதம்தான்.

உலோக வார்ப்புக் காரில் வெடிப்புகள்

1:64 ஹாட் வீல்ஸ் அல்லது பழைய உலோகக் கார்களை மாற்றியமைப்பவர்களுக்கு மட்டும். அடித்தட்டைக் கழற்ற ரிவெட்டின் நடுவில் ஊசியால் குழி போட்டுவிட்டு 3 மில்லிமீட்டர் துளைப்பானால் தலையை மட்டும் சீவுங்கள். மீண்டும் பூட்ட 1.6 மில்லிமீட்டர் துளையில் எம்2 (2 மில்லிமீட்டர்) திருகு மரை வெட்டலாம். உரித்த உலோகத்தில் வண்ணம் செதிலாக உதிர்ந்தால் உலோகத்துக்கான பிரைமர் இல்லை என்று பொருள்.

ஆனால் உலோகமே மயிரிழையாக வெடித்து, வீங்கி, மூலைகள் நொறுங்கினால் வேலையை நிறுத்துங்கள். துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற கசடு கலந்ததால் வரும் உள்ளரிப்பு அது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி பொம்மைக் கார்களில் இது பரவலாக உண்டு. பட்டியோ பசையோ எதுவும் அதை நிறுத்தாது. வடிவம் வேண்டுமென்றால், முழுதாக இருக்கும்போதே சிலிக்கோன் அச்சு எடுத்து ரெசினில் வார்த்துக்கொள்ளுங்கள்.

டயர் பட்ட இடத்தில் ரிம் உருகியிருக்கிறது

மெதுவாக வரும் பிழைகளில் கொடியது. கிட்டுகளில் வரும் மிருதுவான வினைல் டயர்களில் மென்மைக்காகச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் காலப்போக்கில் வெளியே வந்து, தொட்டுக்கொண்டிருக்கும் ஸ்டைரீனை இளக்குகிறது. ரிம்மில் பள்ளம் விழும். பெட்டிக்குள்ளேயே டயர் கண்ணாடித் தகட்டின் மேல் கிடந்தால் அதிலும் தடம் பதியும். பழைய கிட் வாங்கியதும் பெட்டியைத் திறந்து, டயர்களை மற்ற பாகங்களிலிருந்து பிரித்துத் தனிக் காகித உறையில் போடுங்கள்.

கட்டிய வண்டியில் ரிம்மின் வெளிவட்டத்தில் மெல்லிய ஒட்டும் உலோகத்தாளை ஒரு சுற்று சுற்றிவிட்டு டயரை மாட்டுங்கள். உருகிவிட்ட ரிம் என்றால், ஒட்டும் பிசின் போகும்வரை சோப்பு நீரில் கழுவி, ஒரு வாரம் காயவிட்டு, பள்ளத்தை இரட்டைப் பட்டியால் நிரப்பி வட்டமாகத் தேய்த்து, அதன்பிறகு அதே உலோகத்தாள். காட்சிப் பெட்டியின் அடித்தட்டு ஸ்டைரீனாக இருந்தால் வண்டியின் எடை டயர்மேல் நிற்காதபடி, சேஸிஸுக்கு அடியில் இரண்டு சிறு தாங்கிகளை வைத்து, டயர் தட்டைத் தொடாத அளவு ஒரு காகிதத் தடிமன் மட்டும் உயர்த்தி நிறுத்துங்கள்.